புது டயர் எந்தச் சக்கரத்துக்கு?

வின்னிபெக், கனடா,
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போன ஞாயிற்றுக்கிழமை போனில் "நாலு சக்கரமும் இழுக்குற வண்டியா வாங்கிக்கக் கூடாதாடா?" என்று கேட்டீர்கள். நான் சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன். சார்ஜ் இருந்தது. ஆனால் பக்கத்தில் அம்மாவின் குரல் கேட்டது, அதனால்தான். இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படியுங்கள்.

இன்று காலை மைனஸ் 29. இங்கே எல்லா வண்டிகளுக்கும் முன்பக்க கிரில்லிலிருந்து ஒரு பிளக் வயர் நாக்கு மாதிரி தொங்கும். முதன்முதலில் பார்த்தபோது ஊரே கரன்ட் கார் வைத்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அது இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர். ராத்திரி செருகி வைக்காவிட்டால் காலையில் ஆயில் தேன்பாகு மாதிரி இறுகிப் போய், ஸ்டார்ட்டர் முனகிவிட்டு நின்றுவிடும். டைமர் வைத்து அதிகாலை இரண்டு மணிக்கு ஓட விடுகிறேன், ஐந்தரைக்குக் கிளம்பச் சரியாக இருக்கும். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நின்றதில் டயர் அடிப்பக்கம் தட்டையாகி உறைந்திருக்கும். முதல் ஒரு கிலோமீட்டருக்குக் கட்டைவண்டியில் போவது போல தடக் தடக் என்று அடிக்கும். சதுர டயர் என்றே இங்கே சொல்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வண்டி 2008 கொரோலா, முன்சக்கரம் இழுக்கிற வண்டி. முதல் குளிர்காலம் வந்தபோது குளிர்கால டயர் போடு என்று எல்லோரும் சொன்னார்கள். இந்த மாகாணத்தில் அது கட்டாயம் இல்லை. க்யூபெக் என்கிற இன்னொரு மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை போட்டே ஆக வேண்டும் என்று சட்டம். நாலு டயர் விலையைக் கேட்டதும் எனக்கு நீங்கள்தான் ஞாபகம் வந்தீர்கள். ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்வீர்களே, "புது டயரைத் தள்ளுற சக்கரத்துக்குப் போடு, பழசை முன்னாடி போடு" என்று. அம்பாசடருக்குப் பின்சக்கரம்தானே தள்ளும். இங்கே முன்சக்கரம் இழுக்கிறது, ஆகவே முன்னால் மட்டும் இரண்டு புதுசு போதும் என்று கணக்குப் போட்டேன். பாதிச் செலவு மிச்சம். அப்பாவின் பாடத்தைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்திவிட்டோம் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதல் இரண்டு வாரம் பிரமாதமாக ஓடியது. இன்ஜின் பாரம் முழுக்க முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, டயரும் புதுசு. புதுப்பனியில் பெரிய பிக்கப் வண்டிகள் எல்லாம் பின்சக்கரம் சுற்ற நின்றுகொண்டிருக்க, நான் சர்ரென்று கிளம்பிப் போய்விடுவேன். அதில்தான் ஏமாந்தேன். கிளம்புவது சுலபமாக இருந்தால் ரோடு நன்றாக இருக்கிறது என்று மனசு நம்பிவிடுகிறது.

டிசம்பரில் ஒரு காலை, ஊரைச் சுற்றிப் போகும் பெரிமீட்டர் ஹைவேயிலிருந்து கிடங்குப் பக்கம் இறங்கும் வளைவு. வேகம் நாற்பதுதான் இருக்கும். வளைவு கொஞ்சம் இறுகுகிறது என்று தெரிந்ததும், எட்டயபுரம் ரோட்டில் நீங்கள் பழக்கிய மாதிரி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஐப்பசி மழையில் கரிசல் வழுக்கும்போது "காலை எடு, பிரேக்கைத் தொடாதே" என்பீர்களே, அதேதான். காலை எடுத்த மறுநொடி பின்பக்கம் லேசாகிவிட்டது. பாரம் முன்னால் போய்விட்டது அல்லவா, முன்னால் இருந்த புது டயர்கள் பிடித்துக்கொண்டன, பின்னால் இருந்த பழைய டயர்கள் விட்டுவிட்டன. சத்தமே இல்லை அப்பா. கரிசலில் என்றால் சேறு தெறிக்கும், இன்ஜின் கத்தும். இங்கே சைடு கண்ணாடியில் தெரிய வேண்டிய விளக்குக் கம்பம் முன் கண்ணாடியில் மெதுவாக நகர்ந்து போகிறது. பயத்தில் பிரேக்கையும் மிதித்துவிட்டேன். வண்டி அரைச்சுற்று சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி ஓரத்துப் பனிக்குவியலில் பின்பக்கமாகப் போய்ச் செருகிக்கொண்டது. எனக்கு ஒன்றும் இல்லை. வண்டிக்குப் பின்விளக்கு ஒன்று போனது, அவ்வளவுதான்.

பின்னால் வந்த ஒரு அம்மா நிறுத்தினார். எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர், அடுத்து கேட்டது "இன்ஜின் ஓடுகிறதா? அணை!" என்பதுதான். புகைக்குழாய் பனிக்குள் புதைந்திருந்தால் விஷவாயு வண்டிக்குள் வந்துவிடும். குளிருக்காக ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தே செத்தவர்கள் உண்டாம். மண்வாரி எடுத்துக் குழாயைச் சுற்றித் தோண்டினோம். பிறகு பூனை மலம் கழிப்பதற்கென்று கடையில் விற்கும் மண்ணை ஒரு பையிலிருந்து எடுத்து முன்சக்கரத்துக்கு அடியில் தூவினார். நான் உதவி செய்கிற நினைப்பில் டிக்கி மேல் ஏறி உட்காரப் போனேன். நம் அம்பாசடர் சேற்றில் மாட்டினால் என்னையும் தம்பியையும் டிக்கி மேல் ஏற்றி உட்கார வைப்பீர்களே, அந்தப் பழக்கம். அவர் சிரித்துவிட்டார். இந்த வண்டியில் பின்னால் பாரம் ஏற்றினால் முன்சக்கரம்தான் லேசாகும்.

அன்று சாயங்காலமே நாலும் மாற்றினேன். கடைக்காரர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது: டயர் போடுவது கிளம்புவதற்கு இல்லை, திரும்புவதற்கும் நிற்பதற்கும். நாலு சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிச்செதிலும் படம் போட்டிருக்கும் டயர். சாதா டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயே இறுக ஆரம்பித்துவிடுமாம், இது குளிரிலும் நகத்தால் அழுத்தினால் அமுங்குகிறது. காற்றையும் அடிக்கடி பார்க்க வேண்டும். பத்து டிகிரி குளிர் கூடினால் ஏறக்குறைய இரண்டு பாயின்ட் இறங்கிவிடும்.

இப்போது எப்படி ஓட்டுகிறேன் என்று கேட்பீர்கள். இந்த வண்டியில் இழுப்பதும் முன்சக்கரம், திருப்புவதும் அதுவேதான். ஒரே மாட்டை ஏரிலும் கட்டி கமலையிலும் கட்டினால் எதுதான் நடக்கும்? அதனால் வேகத்தை எல்லாம் நேர்ரோட்டிலேயே குறைத்துக்கொள்கிறேன், வளைவுக்குள் திருப்புவது மட்டும்தான் வேலை. முன்பக்கம் திரும்பாமல் நேராக வழுக்கினால் ஸ்டியரிங்கை இன்னும் ஒடிப்பதில் பலன் இல்லை. காலை மெதுவாக எடுத்து, ஒடித்ததையும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் டயர் மறுபடி பிடிக்கிறது. வால் வீசினால் போக வேண்டிய பக்கம் கண்ணையும் ஸ்டியரிங்கையும் வைத்து, துளி ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் முன்சக்கரம் இழுத்து நேராக்கிவிடும். அம்பாசடரில் அதையே செய்தால் கண்மாய்க்குள் போயிருப்போம். இதைக் கை பழக, விடுமுறை நாளில் காலியான பார்க்கிங் மைதானத்தில் வேண்டுமென்றே வழுக்கிப் பார்த்தேன். கேலி செய்யாதீர்கள், இங்கே நிறையப் பேர் செய்கிறார்கள்.

ரொம்பக் குளிரில் இன்னொரு தொல்லை. உப்பு போட்டால் ஐஸ் உருகும் என்பது மைனஸ் 10 வரைக்கும் ஏதோ நடக்கும். மைனஸ் 21க்குக் கீழே உப்புத் தண்ணீரே உறைந்துவிடும். அதனால் மணல் தூவுகிறார்கள். சிக்னலில் நிற்கும் வண்டிகளின் புகையில் இருக்கும் ஈரம் ரோட்டிலேயே படிந்து கண்ணுக்குத் தெரியாத ஐஸ் ஆகிவிடுகிறது. ரோடு வெறும் தார் மாதிரிதான் இருக்கும். எல்லா வண்டியும் எங்கே நிற்க வேண்டுமோ சரியாக அங்கேதான் வழுக்கும். பச்சை விழுந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். குறுக்கே வருபவன் நிற்க நினைத்தாலும் அவன் வண்டி நிற்க வேண்டுமே.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கலாம், காசு இருந்தால். கிளம்பும்போது அது என்னை முந்தும். நிற்கும்போது அதற்கும் நாலு டயர்தான், எனக்கும் நாலு டயர்தான். போன வாரம் பள்ளத்தில் கிடந்தவை மூன்று எண்ணினேன், இரண்டு அந்த மாதிரி வண்டி.

டிக்கியில் மண்வாரி, கம்பளி, மெழுகுவர்த்தி, அந்தப் பூனை மண் எல்லாம் வைத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கடலை மிட்டாயில் ஒரு பொட்டலமும் இருக்கிறது. மைனஸ் 30ல் அதைக் கடிக்க முடியாது, வாயில் போட்டு அஞ்சு நிமிஷம் காத்திருக்க வேண்டும்.

அம்மா கேட்டால் டயர் விலையைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று சொல்லுங்கள். பொய் இல்லையே.

தங்கள் அன்பு மகன்,
குமார்