‘உன் அம்மா பெயர் என்ன?’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் சனி, ஞாயிறு வந்தால் போதும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள், அது பணத்தையும் கரைக்கும், பிள்ளைகளின் குணத்தையும் கெடுக்கும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் ஆறு வருடமாக வெளிநாட்டில் இருக்கும், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாயான எனக்கு அதைப் படித்ததும் மனம் கேட்கவில்லை.

நாங்கள் வாங்குவதற்காக மட்டும் மாலுக்குப் போகவில்லை. பாட்டி வீடு, அத்தை வீடு என்று போய் இறங்க இங்கே ஓர் இடம் கிடையாது. வெளியே எலும்பு வரைக்கும் இறங்கும் குளிர். பாலைவன நாடுகளில் இருப்பவர்களுக்கு வெயில். இப்போதுதான் நடக்கப் பழகிய குழந்தை விழுந்து எழுந்து ஓட வழுவழுப்பான தரை, டயப்பர் மாற்ற ஓர் அறை, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏற லிஃப்ட், யாரும் முகம் சுளிக்காமல் உட்கார ஒரு பெஞ்ச். இத்தனையும் ஒரே கூரையின் கீழ் எங்களுக்கு அங்கேதான் கிடைக்கிறது.

மால் என்ற யோசனையே இப்படித்தான் தொடங்கியது. முழுக்கக் கூரை போட்டு, உள்ளே குளிரையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்திய முதல் மால், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1956-ல் திறந்த சவுத்டேல். அதை வடிவமைத்த விக்டர் குரூன், நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938-ல் வியன்னாவிலிருந்து தப்பி வந்தவர். அவரும் ஊரை விட்டு வந்தவர்தான். பனி கொட்டும் அந்த மாநிலத்தில் ஜனங்கள் கூடி உட்கார ஓர் இடம் வேண்டும் என்று நடுவில் பெரிய முற்றம் வைத்தார். பிற்காலத்தில் மால்கள் வெறும் விற்பனைக் கூடங்களாக மாறியபோது அவரே கடுமையாகக் கண்டித்தார். எங்களைப் போன்றவர்கள் தேடிப்போவது அந்த முற்றத்தைத்தான்.

சரி, மாலில் பயப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள். மகளுக்கு அப்போது நான்கு வயது. லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று, தம்பியை வண்டியில் உட்கார வைத்து பெல்ட் மாட்டக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவளைக் காணோம். பெயரைச் சொல்லிக் கத்தினேன். பக்கத்துக் கடைக்குள் ஓடினேன், வெளியே வந்தேன், மறுபடியும் ஓடினேன். பத்தடி தூரத்தில் ஒரு பாதுகாவலர் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போகவில்லை. இந்த ஊர் மொழி எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். பதற்றத்தில் என்ன உளறுவேனோ, எப்படிப்பட்ட தாய் என்று நினைப்பாரோ என்று கூசிப்போய், நானே தேடிவிடலாம் என்று நான்கைந்து நிமிடத்தை வீணாக்கினேன். இன்றைக்கும் என்னை உறுத்துவது அந்த நான்கைந்து நிமிடம்தான்.

கடைசியில் அவரிடம் போய் ‘மகள், நான்கு வயது, சிவப்புக் கோட்’ என்றேன். அவ்வளவுதான் வந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. வயர்லெஸ்ஸில் பேசினார், அடுத்த நிமிடம் மேல்மாடியைக் காட்டினார். யாரோ பலூன் வைத்துக்கொண்டு லிஃப்டில் ஏற, இவளும் பின்னாலேயே ஏறிவிட்டாள். மேலே ஒரு பெண் பாதுகாவலர் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். மகளின் ஒரு கை உறையைக் காணோம், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அழவில்லை. ‘அம்மா, உன் பேர் என்னன்னு கேட்டாங்க. அம்மான்னு சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன், அவங்களுக்குப் புரியவே இல்ல’ என்றாள்.

நடந்ததைக் கேட்ட தோழிகள் இரண்டு பேர், ‘வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இந்த ஊர் மொழியிலேயே பேசு’ என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தப்பு தமிழில் இல்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு அம்மாவின் பெயர் அம்மாதான், எந்த நாட்டுக் குழந்தைக்கும் அப்படித்தான். நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது அவளுக்கு இந்த ஊர் மொழியில் மூன்று வாக்கியம் மனப்பாடம்: நான் தொலைந்துவிட்டேன், என் அம்மா பெயர் இது, எங்கள் போன் நம்பர் இது. நம்பரை ராகம் போட்டுப் பாடுவாள். தொலைந்தால் ஓடித் தேடக்கூடாது, நின்ற இடத்திலேயே சத்தமாகக் கூப்பிட வேண்டும், அப்புறம் பில் போடுபவரிடமோ, குழந்தையோடு நிற்கும் ஓர் அம்மாவிடமோ சொல்ல வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம். வாசலில் நுழையும்போதே பிள்ளைகளை ஒரு போட்டோ எடுத்துவிடுவேன். பதற்றத்தில் என்ன உடுப்பு என்றுகூட மறந்துபோகும். தம்பிக்கு மணிக்கட்டின் உள்பக்கம் பேனாவால் நம்பர். மற்ற பேச்செல்லாம் வீட்டில் தமிழில்தான்.

பெற்றோருக்கும் ஒன்று. அமெரிக்கக் கடைகளில் 1994 முதல் ‘கோட் ஆடம்’ என்று ஒரு நடைமுறை இருக்கிறது. 1981-ல் ஃப்ளோரிடாவில் ஒரு கடையிலிருந்து கடத்திக் கொல்லப்பட்ட ஆடம் வால்ஷ் என்ற சிறுவனின் பெயர் அது. குழந்தையைக் காணோம் என்று சொன்னதும் அடையாளத்தை அறிவித்து, ஊழியர்கள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுத் தேடுவார்கள், வாசலைக் கவனிப்பார்கள், பத்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் போலீசைக் கூப்பிடுவார்கள். வேறு பல நாடுகளிலும் கடைகளுக்கென்று ஏதாவது ஓர் ஏற்பாடு இருக்கும். ஆனால் நாம் வாய் திறந்து சொன்னால்தான் அது தொடங்கும். இலக்கணப் பிழையோடு சொன்னாலும் போதும்.

எஸ்கலேட்டர், கடையில் சாமான் வைத்துத் தள்ளும் டிராலி பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1990 முதல் 2011 வரை டிராலியால் காயப்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரியாக 24,000 பேர். பெரும்பாலும் மேலிருந்து விழுந்து, தலையில் அடி. டிராலிக்குள் நிற்க விடாதீர்கள். மெத்தென்ற ரப்பர் செருப்போடு எஸ்கலேட்டரில் ஏறும் பிள்ளையின் கால் ஓரத்தில் உரசாமல், படியின் நடுவில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தை வண்டி இருந்தால் லிஃப்ட்தான்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் பக்கத்தில், குழந்தை தன் பெயர், அம்மா அப்பா பெயர், போன் நம்பர் மூன்றையும் எழுதிப் பழக ஒரு சின்னக் கட்டம் போட முடியுமா? தமிழில் ஒரு வரி, இருக்கும் நாட்டின் மொழியில் எழுத அதன் கீழே ஒரு வெற்று வரி. என் மகள் வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள், முதலில் அவள்தான் நிரப்புவாள்.

இப்படிக்கு,
வெளிநாட்டில் வாழும் வாசகி ஒருத்தி