பலகை ஊறும் நேரம்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் இங்கே நலம். மரப் பலகையில் சால்மன் மீனை வைத்துத் தணலில் சுட்டுவிட்டு நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து என் மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. பலகையின் ஓரமெல்லாம் கரிந்து, மீனின் அடி கறுத்து, நடுச்சதை மட்டும் பச்சையாகக் கிடந்தது. "இனி இந்த வேலையே வேண்டாம் அப்பா" என்று கீழே எழுதியிருந்தாய். மீன் வீணானது பெரிதில்லை. வேண்டாம் என்றாயே, அதுதான் உறுத்துகிறது. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன்.

பலகையைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்ததாகச் சொன்னாய். அது போதவே போதாது அம்மா. குறைந்தது ஒரு மணி நேரம் ஊறவேண்டும், இரண்டு மணி என்றால் இன்னும் நல்லது. மரம் மிதக்கும், மேலே கனமாக எதையாவது வைத்து அமுக்கிவிடு. இல்லாவிட்டால் ஒரு முகம் மட்டும் நனைந்திருக்கும், நாம் ஊறிவிட்டது என்று நம்பிவிடுவோம். நன்றாக ஊறிய பலகை சட்டென்று தீப்பிடிக்காது. உள்ளே இருக்கும் நீர் சூட்டைத் தாங்கிக்கொள்ள, அடிப்பக்கம் மட்டும் மெல்லக் கனன்று புகையும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அந்தச் சூட்டில் சிதைவதால்தான் புகைக்கு அத்தனை மணம். கொழுந்துவிட்டு எரிந்தாலோ மணம் போய்க் கசப்புதான் மிஞ்சும்.

படத்தில் இருப்பது பைன் பலகை போலத் தெரிகிறது. அது பிசின் மரம். அதன் புகை மீனில் காரலாக ஒட்டிக்கொள்ளும். கட்டட வேலைக்கு வரும் பலகை எதையும் தொடாதே. பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள். சமையலுக்கென்றே விற்கும் சீடார், ஆல்டர், மேப்பிள் மரப் பலகைகளில் ஒன்றை வாங்கு. சால்மனுக்கு என் விருப்பம் சீடார்தான். வட அமெரிக்காவின் மேற்குக் கடலோரப் பழங்குடி மக்கள் சால்மனைச் சீடார்க் குச்சிகளில் கோத்து நெருப்போரம் நட்டுச் சுடுவார்கள். அந்த மீனுக்கும் அந்த மரத்துக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

அடுத்தது, நீ தவறவிட்ட இடம். மீனை வைப்பதற்கு முன் வெறும் பலகையைத் தணலின் மேல் மூன்று நான்கு நிமிடம் வை. முதலில் ஓரங்களில் நீர் கொப்பளிக்கும். பிறகு சின்னச் சின்னதாக வெடிக்கும் சத்தம் கேட்கும். உனக்கு எட்டு வயதில், தண்ணீர் தெளிக்கும் புட்டியைத் துப்பாக்கி போலப் பிடித்துக்கொண்டு அடுப்பருகே நின்றவள், அந்தச் சத்தம் கேட்டதும் "அப்பா, பலகை பேசுகிறது" என்று கத்தினாய். அதன் பிறகு நம் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். பலகை பேசி, முதல் புகை எழுந்ததும் அதைத் திருப்பிப் போடு. சூடேறிய அந்த முகத்தில் மீனைத் தோல் கீழே இருக்கும்படி வைத்து, அடுப்பின் மூடியைப் போட்டுவிடு. கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, பலகையை மறுபக்கம் நகர்த்தி வைத்தால் ஓரம் கருகாது.

மீனுக்கு அதிகம் செய்யவேண்டியதில்லை. கால் மணி நேரம் முன்பே உப்புத் தடவி, ஈரத்தை ஒற்றி எடு. விரலால் சதையைத் தடவினால் முள் நுனி தட்டுப்படும்; இடுக்கியால் தலைப்பக்கமாகச் சாய்த்து இழுத்தால் சதை கிழியாமல் வரும். சர்க்கரை சேர்ந்த மசாலா கருகிவிடும், வேண்டாம். வைத்த பிறகு திருப்பவே கூடாது. அடிக்கடி திறந்து பார்க்கும் பழக்கம் உனக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். திறந்தால் புகையும் சூடும் வெளியே போய்விடும், பலகைக்குக் காற்றுக் கிடைத்துத் தீயும் பற்றும். இரண்டரை சென்டிமீட்டர் தடிப்புள்ள துண்டுக்குப் பதினைந்து நிமிடம் போலாகும். நடுச்சதையின் சூடு 63 டிகிரி செல்சியஸ் வந்தால் வெந்துவிட்டது. முள்கரண்டியால் தொட்டாலே ஏடு ஏடாகப் பிரியும். மேலே வெள்ளையாகக் கசிந்து நிறைய உறைந்திருந்தால் சற்று அதிகம் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒன்றே ஒன்றை மட்டும் கட்டாயமாகச் சொல்கிறேன். மூடிய பால்கனியில் வைத்துச் சுடாதே. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. திறந்த வெளியில்தான் செய்யவேண்டும். சாப்பிட்டு முடித்ததும் பலகையைத் தண்ணீரில் அமிழ்த்திவிடு. அணைந்தது போலத் தெரிந்தாலும் ஓரத்தில் கங்கு இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் செய்து பார். வெளியூர் வேலைக்குப் போகப்போவதாக நீ முதன்முதலில் என்னிடம் சொன்னது, பலகை வாளியில் ஊறிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான். இருவரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். நீ போன பிறகு நான் பலகையை ஊறப்போட்டுவிட்டு அதே படியில் உட்காருகிறேன், அந்த ஒரு மணி நேரம் நகரவே மாட்டேன் என்கிறது. மீன் வெந்த பிறகு படம் அனுப்பினால் போதாது. பலகையைத் தண்ணீரில் போட்டதும் எனக்கு போன் செய். நானும் இங்கே ஒன்றை ஊறப்போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா