வியர்வையில் நனையும் காது மெஷின்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பகுதியில் நடந்த முகாமில் காது மெஷின் வழங்கியவர்கள், இரவில் அதைக் கழற்றிப் பத்திரமாக வைக்கச் சொன்னார்களே தவிர, அதை மாட்டிக்கொண்டு பகல் முழுவதும் வியர்க்க விறுவிறுக்க வேலை செய்பவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் அயர்ன் மாஸ்டராக இருக்கும் என் அண்ணன், காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியைப் பயன்படுத்துகிறார். ஸ்டீம் பெட்டியின் ஆவியும் சித்திரை வெக்கையும் சேர்ந்துகொண்டால், மதியத்துக்குள் ஒலி விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கிவிடும். பேட்டரிக் கதவைத் திறந்து பார்த்தால் உலோக முனைகளில் பச்சை படிந்திருக்கும். வியர்வையிலுள்ள உப்பின் வேலை அது. மார்கழியிலோ, காதின் வெதுவெதுப்பான காற்று, கருவியிலிருந்து காதுக்கு ஒலியைக் கொண்டுவரும் வெளி டியூபில் குளிர்ந்து, முத்து முத்தாக நீர் கோத்து ஒலியை அடைத்துவிடுகிறது.

தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி68 என்ற தரக்குறியீடு கருவியில் போட்டிருந்தால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த வியர்வை நாள்தோறும் படிவதை அது கணக்கில் கொள்வதில்லை. மழைக்குப் பயந்து பாலித்தீன் தாளைச் சுற்றுவதோ அதைவிடக் கெடுதல். இந்தக் கருவியில் போடும் ஸிங்க்-ஏர் பேட்டரி, தன் மேலுள்ள நுண்துளைகள் வழியே ஆக்சிஜனை இழுத்துத்தான் மின்சாரம் தருகிறது என்பதால், காற்று அடைபட்டால் அது நின்றுவிடும்.

இதற்கென்றே காற்றுப் புகும் மெல்லிய நெகிழ்துணி உறைகள் இருக்கின்றன. கருவியின் மேல் காலுறைபோல் இழுத்து மாட்டினால், வியர்வையைத் துணி வாங்கிக்கொள்ளும், மைக்குக்குப் போகும் ஒலியும் அதிகம் குறையாது. ஆனால் நனைந்ததைக் கழற்றி மாற்றிக்கொள்ளக் கைவசம் இன்னொரு ஜோடி வேண்டும். லைக்ரா என்னும் நெகிழ்துணியின் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக எடைக்குப் போகும் ஊரில், இந்தச் சிறு உறையை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பது எனக்கு விந்தையாகவே படுகிறது. ஒலியியல் வல்லுநர் ஒருவர் துணியின் தன்மையைச் சோதித்துச் சொன்னால், இங்குள்ள தையல் யூனிட்டுகளுக்கு இது பெரிய வேலையல்ல.

எனவே, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்கள் கருவியோடு இரண்டு ஜோடி உறைகளையும், சிலிக்கா ஜெல் போட்ட உலர்த்தும் டப்பா ஒன்றையும் சேர்த்தே வழங்க வேண்டும். டீ நேரத்தில் கருவியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைக்கவும், இரவில் பேட்டரியை எடுத்துவிட்டுக் கருவியை டப்பாவில் வைக்கவும், ஹேர் டிரையர் சூட்டையும் நேரடி வெயிலையும் தவிர்க்கவும் முகாமிலேயே கையில் கொடுத்துச் செய்து காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அவிநாசி.