பாலாடாவில் பார்த்த பூத்துக்குளி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் ஊட்டி அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்துக்குப் பேத்தியை அழைத்துச் சென்றேன். 30 ஆண்டுகள் தையல் கற்பித்தவள் நான். தோடர்களின் பூத்துக்குளிப் போர்வையைப் பார்த்ததும் கால் நகரவில்லை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக வேலைப்பாடு. கோலம் வரைந்துகொள்வதில்லை, சட்டம் மாட்டுவதில்லை. ஊடும் பாவும் எண்ணி எண்ணியே ஊசி போடுகிறார்கள். இரண்டு பக்கமும் உடுத்தலாம் என்றால் பாருங்களேன்! 2013-இல் இந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோத்தர், குறும்பர், இருளர் புழங்கிய பொருள்களும் அங்கே உண்டு.

நாங்கள் இருந்தவரை வேறு யாரும் வரவில்லை. பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் தாவரவியல் பூங்கா, படகு இல்லத்தோடு திரும்பிவிடாமல் இங்கேயும் ஒரு மணி நேரம் நிற்க, தலைமை ஆசிரியர்கள் மனம் வைக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
ஈரோடு.