கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் இருக்கிறதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டு, பள்ளிகள் மூடப்பட்டதை அண்டை மாவட்டத்துக்காரனான நான் இன்னும் மறக்கவில்லை. அதே நிலை எங்கள் ஊருக்கும் வர அதிக நாள் ஆகாது என்ற அச்சத்தில் இதை எழுதுகிறேன்.

மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்து திறந்துவிடப்படும் தண்ணீர் பெரும்பாலும் வழியில்தான் கெடுகிறது. எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் தண்ணீர் வருகிறது. வரத்து நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடுவதால், வெளியே தேங்கியிருக்கும் கழிவுநீர் விரிசல் வழியே உள்ளே புகுந்துகொள்கிறது. மோட்டாரை நேராகக் குழாயில் பொருத்தி உறிஞ்சுவோர் இருந்தால், தண்ணீர் வரும் நேரத்திலும் இதேதான் நடக்கும். என் வீட்டுக்கு எதிரே சாக்கடைக்குள்ளாகவே செல்லும் இணைப்புக் குழாயின் வெடிப்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். கட்டி இரண்டு ஆண்டாகிறது. முதலில் வரும் இரண்டு குடத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு, மூன்றாவது குடத்திலிருந்துதான் எல்லாரும் குடிக்கப் பிடிக்கிறார்கள். அது தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் காலராக் கிருமியும் டைபாய்டுக் கிருமியும் தண்ணீரைக் கலக்கிக் காட்டிவிட்டு வருவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் பலருக்கு வயிற்றுப்போக்கு கண்டதும், சாக்கடை ஓரமெங்கும் பிளீச்சிங் பவுடரைக் கோலமாவு போலத் தூவிவிட்டுச் சென்றார்கள். புகைப்படத்துக்கு அழகாக இருந்தது. குளோரின் தரும் அந்தத் தூளுக்கு உண்மையில் வேலை இருப்பது குடிநீர்த் தொட்டியில். முறையிடச் சென்றபோது, 'யாரும் இறக்கவில்லையே' என்று பதில் வந்தது. 1971-இல் வங்க அகதிகளிடையே காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, முப்பது சதவீத அளவில் இருந்த இறப்பை நான்கு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். இன்று யாரும் இறக்காமல் இருப்பது அந்தக் கரைசலின் பெருமை. எங்கள் குழாயின் பெருமை அன்று.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. குழாய் முனையில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாக இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தர அளவு. சிறு குப்பியில் தண்ணீர் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருப்பதை மஞ்சள் நிறம் காட்டிவிடும். இந்தச் சோதனையைத் தொட்டிக்கு அடியிலேயே செய்து பதிவேட்டில் எழுதுவதோடு நிறுத்திவிடாமல், தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள வீட்டிலும் செய்து, தண்ணீர் விடும் நாள்தோறும் அந்த அளவைத் தொட்டிச் சுவரில் எல்லாரும் காணும்படி எழுத வேண்டும். உள்ளே புகும் கழிவுநீர் குளோரினைத் தீர்த்துவிடும் என்பதால், எந்தத் தெருவில் நிறம் மாறவில்லையோ அங்கே உடைப்பைத் தேடித் தோண்டலாம். மருத்துவமனையில் படுக்கை நிரம்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் தோண்ட வேண்டிய இடத்துக்கு அடையாளமாகச் சைக்கிள் டியூப் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்