மலபார் புனுகுப் பூனை: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தானியங்கி கேமராவில் பதிவான படமும் கிடைத்தன. மலபார் புனுகுப் பூனையாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது சின்னப் புனுகுப் பூனை. ஆனாலும் நீ கேட்டது சரியான இடத்தில் கேட்ட கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்கையியலாளர் ஜெர்டன் மலபார் புனுகுப் பூனையின் வாழிடத்தைக் கர்நாடகத்தின் ஹொன்னாவரத்திலிருந்து கன்னியாகுமரி வரையான மேற்குக் கடற்கரை என்றுதான் எழுதினார். உன் தோட்டம் அந்த எல்லைக்குள்ளேயே வருகிறது.

படத்தில் முதலில் முதுகைப் பார். மலபார் பூனைக்குத் தோள்களுக்கு நடுவில் தொடங்கி முதுகு நெடுக ஒரு கறுத்த பிடரி மயிர் ஓடும். மிரண்டால் சிலிர்த்து நிற்கும். சின்னப் பூனைக்குப் பிடரி கிடையாது. முதுகில் நீளவாக்கில் கோடுகளும், விலாவில் வரிசை வரிசையாகச் சிறு புள்ளிகளும் இருக்கும். உன் படத்தில் இருப்பது அதுதான். மலபார் பூனையின் விலாவில் புள்ளிகள் பெரியவை, குறுக்குவாட்டில் கிடப்பவை. அடுத்தது காது. சின்னப் பூனைக்கு இரண்டு காதும் நெற்றியில் நெருங்கி நிற்கும். பெரிய இனங்களுக்கு விலகி நிற்கும். வால் வளையங்களை மட்டும் நம்பாதே, இரண்டுக்குமே வளையம் உண்டு. வளையமே இல்லாமல், முகத்தில் கறுப்பு முகமூடியோடு ஒன்று வந்தால் அது மரநாய். ஓட்டு வீட்டு உத்தரத்தில் குடியிருக்கும் அந்த ஆசாமியைத்தான் பாதிப் பேர் புனுகுப் பூனை என்று அனுப்புகிறார்கள்.

உருவ அளவுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. சின்னது 2 முதல் 4 கிலோ. பெரியது 8 கிலோ வரை என்கிறார்கள். ஆனால் தனிப் படத்தில் அளவு தெரியாது. கேமராவுக்கு மூன்றடியில் நிற்கும் சின்னப் பூனை சிறுத்தைக்குட்டி போலத் தெரியும். இதற்கு ஒரு வழி உண்டு. கேமராவை அசைக்காமல், விலங்கு நின்ற அதே இடத்தில் 10 செ.மீ.க்கு ஒரு பட்டை தீட்டிய குச்சியை நட்டு இன்னொரு படம் எடு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் தோள் உயரம் கிடைத்துவிடும்.

கேமராவை நீ கட்டியிருக்கும் உயரமும் தப்பு. இடுப்பு உயரம் மானுக்குச் சரி. இதற்குத் தரையிலிருந்து 25, 30 செ.மீ. போதும், தடத்திலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும். இன்னும் கிட்டே வைத்தால் அகச்சிவப்பு வெளிச்சம் உடம்பை வெள்ளையடித்து, நீ தேடும் புள்ளிகளையே அழித்துவிடும். முன்னால் ஒரு புல் நின்றாலும் காற்றில் ஆடி ஆடி நினைவட்டையை நிரப்பிவிடும். உங்கள் பக்கத்து ஈரத்துக்கு உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடாமல் விட்டால் ஒரு வாரத்தில் வில்லையில் பனி படியும். விலங்கின் இரண்டு பக்கப் புள்ளிகளும் வேறு வேறாக இருப்பதால் எதிரெதிரே இரண்டு கேமரா வை.

சரி, பிடரியோடு ஒன்று வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வழக்கு முடியாது. தென்கிழக்கு ஆசியாவில் பெரும்புள்ளிப் புனுகுப் பூனை என்று ஓர் இனம் உண்டு. அதிலிருந்து மலபார் பூனையைப் பிரிக்கச் சொல்லும் முக்கிய அடையாளம், உள்ளங்கால் கூடுதலாக முடியின்றி இருப்பது. உள்ளங்காலைக் காட்டிக்கொண்டு எந்தப் பூனையும் கேமரா முன் நடக்காது.

1862இல் கல்கத்தாவில் விலங்கியலாளர் பிளைத் மலபார் பூனையைத் தனி இனமாக விவரித்தார். ஒரு காலத்தில் சாதாரணமாகத் திரிந்தது என்று எழுதப்பட்ட விலங்கு, 1970களில் அற்றுப்போயிருக்கலாம் என்ற பட்டியலுக்குப் போனது. 1987இல் மலப்புறம் மாவட்டம் எளயூரில் கிடைத்த ஒரு விலங்கும், 1990இல் வட கேரளத்தில் கிடைத்த இரண்டு தோல்களும் மறுபடி நம்பிக்கை கொடுத்தன. முந்திரித் தோட்டப் புதர்களிலும் ரப்பர் தோட்ட ஓரங்களிலும் அது பிழைத்திருக்கிறது என்றார்கள். கேரளத்தில் கண்ணன் சந்து, மலமெரு என்றெல்லாம் பெயர் இருக்கிறது.

பிறகு 2006–07இல் கர்நாடகத்திலும் கேரளத்திலும் 1,084 கேமரா இரவுகள் (ஒரு கேமரா ஓர் இரவு நின்றால் ஒன்று) தேடினார்கள். ஒன்றுகூடச் சிக்கவில்லை. இந்தச் சுழியத்தைப் படிக்க ஓர் எளிய கணக்கு உண்டு: மூன்றை இரவுகளின் எண்ணிக்கையால் வகு. 3/1,084 என்பது ஏறக்குறைய 0.0028. அதாவது கேமரா வைத்த இடங்களில் அது இருந்திருந்தாலும், 360 இரவுக்கு ஒரு தரத்துக்கு மேல் சிக்கும் விலங்கல்ல என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். இல்லை என்று சொல்ல முடியாது. கேமரா வைக்காத ஊர்ப்புறப் புதருக்கு இந்தக் கணக்கு செல்லவும் செல்லாது.

2010இல் ஆய்வாளர்கள் நந்தினியும் திவ்யா முத்தப்பாவும் இன்னும் அடிமடியிலேயே கை வைத்தார்கள்: இப்படி ஒரு தனி இனம் இருந்ததா? புனுகு வியாபாரம் பழையது. பூனையைக் கூண்டில் அடைத்து, அது கட்டையில் உரசிவிடும் பிசினை வழித்தெடுத்து விற்பார்கள். கோழிக்கோடு போன்ற துறைமுகத்துக்குக் கடல் தாண்டி வந்த விலங்குகள் தப்பியோ விடப்பட்டோ போயிருந்தால், பழைய அருங்காட்சியகத் தோல்கள் அவற்றின் தோல்களாகவே இருக்கலாம். எனக்கு இந்தச் சந்தேகம் நியாயமாகப் படுகிறது. ‘மிக அருகிய இனம்’ என்று பட்டியலில் வைத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பும் கொடுத்திருக்கும் ஒரு விலங்கு, உண்மையில் வேறோர் இனத்தின் வெளியூர்க் கிளையாக இருந்தால், நாம் தேடுவதே வேறாகிவிடும். அந்தப் பிடரி இங்கேயே பிறந்து வளர்ந்ததாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசைதான். ஆசையை வைத்து இனம் பிரிக்க முடியாதே.

இதைத் தீர்க்க வேண்டியது பழைய தோலின் மரபணு. கால்விரல் மெத்தையிலிருந்தோ எலும்பில் ஒட்டிக் காய்ந்த தசையிலிருந்தோ ஒரு துணுக்கு போதும். ஆனால் அதிலுள்ள மரபணு பொடிப்பொடியாக உடைந்திருக்கும். சின்னச் சின்னத் துண்டுகளாகப் படித்து ஒட்ட வேண்டும். கையுறை கட்டாயம்: நம் மரபணு அதில் கலக்கக் கூடாது, பழைய தோல்களில் பூசிய ஆர்சனிக் நம் கையில் ஒட்டவும் கூடாது. ஒப்பிடத் தென்கிழக்கு ஆசியக் காட்டு மாதிரிகளும் வேண்டும். அவை இல்லாமல் எந்த மரபணு வரிசையும் பேசாது.

உன்னால் செய்ய முடிந்தது எச்சம் சேர்ப்பது. வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு தொடங்கு. புனுகுப் பூனைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கழிக்கும். பாறை மேலும் தடம் பிரியும் இடத்திலும் பார். வெயிலில் வெளுத்தது வேண்டாம். குடல் செல்கள் எச்சத்தின் மேல்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது தின்ற எலியின் மரபணு. ஆகவே உடைக்காமல், கை படாமல் சுத்தமான குச்சியால் எடுத்து, மாதிரியைப் போல நாலு மடங்கு சிலிக்கா ஜெல் போட்டு மூடு. தேதி, இடம், எச்சத்தின் தடிமன் மூன்றும் உறை மேல் இருக்கட்டும். யாராவது பழைய தோல் வைத்திருப்பதாகச் சொன்னால் நீ வாங்கிவிடாதே, அது குற்றம். வனத்துறைக்கே போகட்டும்.

அந்தப் படத்தின் மூலக் கோப்பை வெட்டாமல், நேரமுத்திரையோடு அனுப்பு. மழைக்கு முன் குச்சி நட்டு ஒரு படம் எடுத்துவிடு. அப்புறம் புல் மூடிவிடும்.

அன்புடன்,
உன் நண்பன்