லைட்டும் லர்ச்சரும் கண்ணில் பட்டால்: இங்கிலாந்தின் கிராமப்புறக் காவல் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளே,

அறுவடை முடிந்து இரவு நீள ஆரம்பித்ததும் உங்களுக்கு வேலை கூடிவிடும் என்று தெரியும். வேலியை உடைத்து, முளைத்த பயிரின் மேலேயே வண்டியை ஓட்டி, தட்டிக்கேட்கும் விவசாயியை மிரட்டி, காட்டுமுயல் (hare) மேல் நாயை ஏவிப் பந்தயம் கட்டும் கும்பல்களைத் துரத்துகிறீர்கள். அவர்களை ஒடுக்க லிங்கன்ஷையரில் தொடங்கிய ‘ஆபரேஷன் கலிலியோ’ காவல் நடவடிக்கைக்கு விவசாயிகளைப் போலவே நானும் நன்றி சொல்வேன். 2022-ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் கையை இன்னும் பலப்படுத்தியது. அத்துமீறி நுழைந்து நாயோடு காட்டுமுயலைத் தேடினாலே குற்றம். அந்த நோக்கத்தோடு ஆயத்தமாக வந்திருந்தாலும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, உச்சவரம்பில்லாத அபராதம், நாய் வைத்திருக்கவே தடை. இதில் எதையும் தளர்த்தச் சொல்லி நான் எழுதவில்லை.

நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, லைட்டும் லர்ச்சர் நாயுமாக, வளையில் வாழும் குழிமுயல் (rabbit) பிடிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நானும் அவர்களில் ஒருவன்.

லர்ச்சர் எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் தமிழர்களுக்காகச் சொல்கிறேன்: அது தனி இனமல்ல, கலப்பு. கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி போன்ற ஓட்டநாயோடு கோலி, பெட்லிங்டன் டெரியர் போன்ற வேலைநாயைச் சேர்த்து வருவது. முன்னதிடமிருந்து வேகம், பின்னதிடமிருந்து புத்தியும் சொல்பேச்சுக் கேட்பதும். கன்னி, சிப்பிப்பாறை பார்த்து வளர்ந்த தென்மாவட்டக்காரர்களுக்கு அந்த ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். ஊரில் நாயை விட்டு முயல் பிடித்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாயும், அது சரியும்கூட. இங்கே நிலைமை வேறு. 1954-ஆம் ஆண்டு பூச்சி, தொல்லையுயிர்ச் சட்டத்தின் கீழ் தன் நிலத்துக் குழிமுயலைக் கட்டுப்படுத்துவது நிலத்துக்காரரின் கடமை. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும், ஓரிரு சிறு பகுதிகள் நீங்கலாக, அந்தச் சட்டத்தின்படி போட்ட குழிமுயல் ஒழிப்பு ஆணைக்குள்தான் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு வேட்டைச் சட்டமும், அனுமதியுள்ள நிலத்தில் நாயை வைத்துக் குழிமுயல் பிடிப்பதற்கு விலக்கு தந்திருக்கிறது. அந்த அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும் என்றுகூட அதில் நிபந்தனை இல்லை.

சரி, அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உங்களில் புதிதாகப் பணிக்கு வந்தவர்கள் இதை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

நிலா இருக்கக் கூடாது. காற்று வேண்டும், லேசான தூறல் இருந்தால் இன்னும் நல்லது. அந்த மாதிரி இருட்டில்தான் முயல் வளையை விட்டுத் தள்ளி வந்து மேயும். நம் காலடிச் சத்தத்தையும் காற்று அமுக்கிவிடும். காற்று முகத்தில் அடிக்கும்படி வேலியோரமாக நடக்க வேண்டும். லைட்டை ஒருமுறை சுழற்றினால் கண் மின்னும். மின்னியதெல்லாம் முயலாகிவிடாது. ஆட்டின் கண் பச்சையாய் வேறு உயரத்தில் நிற்கும், நரியின் கண் நம்மை நோக்கி வரும். முயல்தான் என்று உறுதியான பிறகு, அது தரையோடு பதுங்கியிருக்கும்போதே நெருங்கிப் போய், நாயின் கழுத்து வாரை நழுவ விட வேண்டும். அதன்பின் லைட் முயல் மேலேயே இருக்க வேண்டும். நாயின் கண்ணில் பட்டுவிட்டால் அது குருடாக ஓடி முள்கம்பியில் போய் விழும். முயல் வளைக்குள் புகுந்துவிட்டால் முடிந்தது கதை, காயம் இல்லாமல் தப்பிவிட்டது. பிடித்துவிட்டால் லைட்டை உடனே அணைக்க வேண்டும். நல்ல நாய் இருட்டிலேயே முயலை உயிரோடு கொண்டுவந்து கையில் கொடுக்கும். நொடியில் கழுத்தைத் திருகி முடித்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்ததும் விளக்கடியில் நாயின் விரலிடுக்கு, பாதம், மார்பு எல்லாம் பார்த்துக் கழுவிய பிறகுதான் நமக்குச் சாப்பாடு.

வளைக்குள் நச்சுவாயு விடுவதையும், வீடும் குதிரை லாயமும் பக்கத்தில் இருக்கும் நிலத்தில் இரவில் துப்பாக்கி சுடுவதையும் விட இது சுத்தமான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். குதிரைக்காரர்கள் பலர் எங்களைக் கூப்பிடுவதும் அதனால்தான்.

இப்போது உங்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். நள்ளிரவில் வயலில் ஒரு லைட் அலைகிறது, யாரோ போன் செய்கிறார்கள். போய்ப் பார்த்தால் கேட்டருகே ஒரு பழைய வேன், உள்ளே ஓட்டநாய். சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்? நிறுத்துங்கள், கேளுங்கள், அதில் எங்களுக்குக் கோபம் இல்லை. லைட்டோடு வந்து மானையும் காட்டுமுயலையும் திருடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அனுமதியில்லாமல் இரவில் குழிமுயல் பிடித்தாலே 1828-ஆம் ஆண்டு இரவுத் திருட்டு வேட்டைச் சட்டப்படி குற்றம். ஆனால் பந்தயக் கும்பல் பெரும்பாலும் வருவது பகலில், மறைப்பே இல்லாத அகன்ற வயலுக்கு. ஓட்டம் கண்ணுக்குத் தெரிந்தால்தானே பந்தயம் கட்ட முடியும். இரண்டு மூன்று வண்டி, படம் பிடிக்க ஒருவர், அடிக்கடி அவர்கள் வெளி மாவட்டக்காரர்கள். செத்த முயல் அவர்களுக்குத் தேவையே இல்லை. எங்கள் பையைத் திறந்து பாருங்கள். குழிமுயல் இருந்தால் ஒரு கதை, நீண்ட காதின் நுனி கறுத்த காட்டுமுயல் இருந்தால் வேறு கதை.

என் முக்கியமான கோரிக்கை இதுதான். இரவில் லைட்டோடு போகுமுன் அவசரமல்லாத காவல்துறை எண்ணான 101-க்கு அழைத்து இடம், நேரம், வண்டி எண் சொல்லிப் பதிவு எண் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடு, நாங்களும் செய்கிறோம். ஆனால் அந்தத் தகவல் ரோந்து வண்டியில் இருப்பவருக்குப் போய்ச் சேருகிறதா? பதிவு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே, முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருந்தால் அந்த அழைப்பால் யாருக்கு என்ன பயன்? புகார் வந்ததும் கட்டுப்பாட்டு அறை முதலில் அந்தப் பதிவைத் தேடட்டும். அதே நிலம், அதே வண்டி என்றால் விவசாயிக்கு ஒரு போன் போதும். இரண்டு கார்களை அனுப்ப வேண்டியிருக்காது, அந்தக் கார்கள் நிஜத் திருடன் இருக்கும் இடத்துக்குப் போகலாம்.

இரண்டாவது, நாயைப் பற்றியது. பறிமுதல் செய்யும் அதிகாரம் உங்களுக்குத் தேவை, மறுக்கவில்லை. விவசாயி போனை எடுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அன்றிரவே நாயைக் கொண்டுபோய்விடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அவர் விடிகாலையில் எழுகிறவர், நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருப்பார். பெயர், முகவரி, மைக்ரோசிப் எண் எல்லாம் குறித்துக்கொண்டு மறுநாள் காலையில் உறுதி செய்தால் என்ன நஷ்டம்? ஓட்டநாய்க்குத் தோலடியில் கொழுப்பு குறைவு, குளிர் தாங்காது. வீட்டில் சோபாவில் தூங்கிப் பழகியது, அறிமுகமில்லாத கொட்டிலில் சாப்பிடாமல் கிடக்கும்.

அப்புறம், என் சக வேட்டைக்காரர்களும் இதைப் படிப்பார்கள். சட்டம் கேட்காவிட்டாலும் அனுமதியை எழுதி வாங்குங்கள், நில எல்லை குறித்த வரைபடத்தோடு வாங்கினால் இன்னும் நல்லது. காட்டுமுயல் எழுந்து ஓடினால் வாரை விடாதீர்கள், விட மாட்டேன் என்பவரோடு மட்டும் போங்கள். முயல் குறைந்துபோன நிலத்துக்கு லைட்டைக் கொண்டுபோகாதீர்கள். 1953-இல் வந்த மிக்சோமடோசிஸ் என்ற முயல் நோயும் பின்னால் வந்த ரத்தக்கசிவு நோயும் எத்தனையோ நிலங்களை வெறுமையாக்கிவிட்டன. கிழக்கு இங்கிலாந்தின் பிரெக்லாண்டு புல்வெளிகளில் முயல் மேய்ந்து புல்லைக் குட்டையாக வைத்தால்தான் சில அரிய செடிகளே பிழைக்கின்றன.

ஸ்காட்லாந்தின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் குழிமுயலையும் காட்டுப் பாலூட்டிகள் கணக்கில் சேர்த்துவிட்டது. நாயை விட்டு முயல் பிடிக்கும் வழக்கம் அங்கே அதோடு முடிந்தது. இங்கிலாந்திலும் வேட்டைச் சட்டம் மறுபடி பேச்சுக்கு வந்திருக்கிறது. பேச்சு நடக்கும் இடத்தில் உங்கள் கருத்தைக் கேட்பார்கள். அப்போது காட்டுமுயல் திருடனையும் அனுமதியோடு போகிறவனையும் பிரித்துச் சொல்லுங்கள். உங்கள் கணக்கேட்டிலும் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். 101 பதிவு விஷயத்தை வரும் குளிர்காலத்துக்கு முன்பே சரிசெய்து தாருங்கள்.

இப்படிக்கு,
இங்கிலாந்துக் கிராமத்தில் லர்ச்சர் வளர்க்கும் ஒரு தமிழன்